சிறுநீர் அவசரத்துக்குக் கணுக்காலில் மின்தூண்டல்: வீட்டில் செய்துகொள்ளும் முறை

சிறுநீரை அடக்க முடியவில்லை என்று சொல்கிற எல்லோருக்கும் ஒரே கோளாறு இருப்பதில்லை. தண்டையார்பேட்டையிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ ஒரு சர்ஜிக்கல் கடைக்குப் போய், தோலில் பட்டை ஒட்டி நரம்பை மெல்லிய மின்துடிப்பால் தூண்டும் டென்ஸ் கருவி ஒன்றை வாங்கிவருவது எளிது. அந்தக் கருவி எந்தக் கசிவுக்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரியாமல் வாங்கினால், மூன்று மாதத்தில் அது பரணுக்குப் போய்விடும். ஆகவே, பட்டைகளை எங்கே ஒட்டுவது என்பதற்கு முன்பாக, கசிவின் வகையைக் கண்டறிவதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அவசரப்படுகிறவர்களும் அந்தப் பகுதியைத் தாண்டிச் செல்ல வேண்டாம்.

எந்த வகைக் கசிவு?

இருமும்போதும், தும்மும்போதும், தண்ணீர் லாரியில் பிடித்த குடத்தை இடுப்பில் ஏற்றும்போதும் சிறிது சொட்டுவது ஒரு வகை. இதில் சிறுநீர்ப்பை ஒழுங்காகவே இருக்கிறது. அதன் வாயை மூடிப் பிடிக்க வேண்டிய சுருக்குத் தசையும், அடியிலிருந்து தாங்க வேண்டிய இடுப்படித் தசைகளும் தளர்ந்துவிட்டன. பிரசவங்களுக்குப் பிறகும் மாதவிடாய் நின்ற பிறகும் பெண்களுக்கும், புராஸ்டேட் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஆண்களுக்கும் வருவது பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது வகையில் சிறுநீர் திடீரென்று முட்டிக்கொண்டு வரும். கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் துணி நனைந்துவிடும். வீட்டு வாசலில் நின்று சாவியைத் தேடும்போதும், குழாயில் தண்ணீர் விழும் ஓசை கேட்கும்போதும் அவசரம் கூடும். இங்கே சுருக்குத் தசையைக் குறை சொல்வதற்கில்லை. பாதிகூட நிரம்பாத பை தானாகச் சுருங்குகிறது. மருத்துவர்கள் இதை மிகைச்செயல் சிறுநீர்ப்பை என்கிறார்கள். ஒரே கழிப்பறையைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ளும் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கத்து வீடுகளில் இந்த வகைதான் மனிதரை அதிகமாக வதைக்கிறது, ஏனெனில் கதவு எப்போது திறக்கும் என்பது நம் கையில் இல்லை.

மூன்றாவது வகை, பை முழுவதும் காலியாகாமல் தேங்கி, நிரம்பி வழிவது. நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கும் இது வரலாம். அடிக்கடி போவதும் சொட்டுவதும் இதிலும் உண்டு என்பதால் பார்ப்பதற்கு இரண்டாவது வகையைப் போலவே இருக்கும். தேக்கத்தைக் கவனிக்காமல் கருவியை நம்பிக் காலம் கடத்தினால் கிருமித் தொற்றும், காலப்போக்கில் சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படக்கூடும்.

கணுக்கால் நரம்புத் தூண்டல் இந்த மூன்றில் இரண்டாவதற்கு உரியது. முதல் வகைக்கு அது பயன்படாது. மூன்றாவது வகையில் அதை வீட்டில் முயலவே கூடாது. முதலிரண்டும் கலந்து இருப்பவர்கள் ஏராளம், குறிப்பாக வயது முதிர்ந்த பெண்கள். அவர்களுக்கு அவசரப் பகுதி மட்டும் குறையும்.

மூன்று நாள் குறிப்பு

வகையைக் கண்டறிய ஸ்கேனுக்கும் முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மூன்று நாட்களுக்கு, இரவையும் சேர்த்து, ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் நேரத்தையும் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். மில்லிலிட்டர் கோடுகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையை இதற்கென்றே ஒதுக்கிவிடலாம். குடித்த தண்ணீர், டீ, காபி, மோர் ஆகியவற்றின் அளவையும், கசிந்ததா, கசிந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் அதே வரிசையில் எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் பேரப் பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லலாம். கூச்சமாக இருந்தால் அவசரம் வந்த நேரத்துக்கு ஒரு கோடும் கசிந்ததற்கு ஒரு வட்டமும் போட்டாலே மருத்துவருக்குப் புரியும்.

பெரியவர்களின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 300 முதல் 500 மில்லிலிட்டர் வரை தாங்கும். ஒரு நாளில் 8 முறைக்குள் போவது இயல்பு. உங்கள் குறிப்பில் ஒவ்வொரு முறையும் 100 அல்லது 150 மில்லிலிட்டரே இருந்து, அதற்கே தாங்க முடியாத அவசரம் வந்திருந்தால், அது மிகைச்செயல் சிறுநீர்ப்பையின் முகம். மாறாக, ஒவ்வொரு முறையும் 350, 400 என்று நிறையப் போய், அதுவும் பத்துப் பன்னிரண்டு தடவை போயிருந்தால், கோளாறு பையில் இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு. கட்டுப்படாத சர்க்கரையோ, அளவுக்கு மீறிய தண்ணீரோ, இரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிடும் நீர்பிரிக்கும் மாத்திரையோ காரணமாக இருக்கலாம். அந்த மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. நேரத்தை மாற்றிச் சாப்பிடலாமா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேட்க வேண்டும். முதியவர்களுக்கு ஒரு நாளில் பிரியும் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் மட்டும் பிரிகிறது என்றால், பகலில் காலில் தேங்கிய நீர் படுத்த பிறகு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மாலையில் கால்களை உயர்த்தி வைத்து உட்காருவதே அவர்களில் சிலருக்குப் பாதிச் சிகிச்சையாகிவிடும்.

காசிமேட்டில் விடியற்காலை மீன் எடுக்கப் போகும் பெண்களிடமும், கழிப்பறை வசதி இல்லாத சந்தைகளில் நாள் முழுதும் உட்கார்ந்து விற்பவர்களிடமும் இன்னொரு பழக்கத்தைக் காணலாம்: போக இடமில்லை என்பதற்காகத் தண்ணீரே குடிப்பதில்லை. அடர்ந்த சிறுநீர் பையின் உட்சுவரை உறுத்தும். நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் எளிதில் வரும். அதற்கு இடையில் இரண்டு மூன்று டீ மட்டும் உள்ளே போனால், காஃபீனும் சேர்ந்து அவசரத்தைக் கூட்டும். கருவியைத் தொடங்குவதற்கு முன் டீயைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டி ஒரு வாரம் பார்ப்பது நல்லது. செலவில்லாத அந்தச் சோதனையிலேயே சிலருக்கு நிலைமை தெளிந்துவிடும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

குறிப்பை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வடசென்னைக்காரர்களுக்குப் பழைய ஜெயில் சாலையிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் சிறுநீரியல் பிரிவு அருகில் இருக்கிறது. பெண்கள் இராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் மகளிர் நோய் மருத்துவரையும் பார்க்கலாம். சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கும் இங்கிருந்து போவது சிரமமில்லை. கேட்டுச் செய்துகொள்ள வேண்டியவை மூன்று: கிருமித் தொற்று உண்டா என்று பார்க்கும் சிறுநீர்ப் பரிசோதனை, இரத்தச் சர்க்கரை, சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிஞ்சி நிற்கிறது என்று அளக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். மூன்றாவதைப் பலர் கேட்பதே இல்லை. மேலே சொன்ன நிரம்பி வழியும் வகையை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது அதுதான்.

சில அறிகுறிகள் இருந்தால் மின்தூண்டலைப் பற்றிய பேச்சே கூடாது. சிறுநீரில் இரத்தம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே காட்ட வேண்டும். முதுகுவலியோடு கால்கள் தளர்ந்து, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்ச்சி மரத்து, சிறுநீர் வராமல் நின்றுபோனாலோ கட்டுப்பாடின்றிக் கசிந்தாலோ, அது முதுகுத்தண்டின் அடியில் நரம்புகள் நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய நிலை அது.

கணுக்காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன தொடர்பு?

சிறுநீர்ப்பையைச் சுருக்கும் நரம்புகளும், வெளிச் சுருக்குத் தசையை இறுக்கும் நரம்பும், முதுகுத்தண்டின் அடியில் திருவெலும்புப் பகுதியின் இரண்டாவது முதல் நான்காவது வரையான நரம்பு வேர்களிலிருந்து புறப்படுகின்றன. உட்கணுக்காலின் பின்னால் ஓடும் டிபியல் நரம்பும் அதே வேர்களில் இரண்டைத் தொட்டுக்கொண்டு வருகிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ரயிலும் அரக்கோணம் பக்கத்து ரயிலும் பேசின் பிரிட்ஜில் வந்து சேர்வதைப் போல, காலின் செய்தியும் பையின் செய்தியும் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. காலிலிருந்து மெல்லிய மின்துடிப்புகள் தொடர்ந்து அங்கே போய்ச் சேரும்போது, பையைத் தேவையின்றிச் சுருங்கச் செய்யும் அனிச்சைச் செயல் அடங்குகிறது என்பதே மருத்துவர்கள் தரும் விளக்கம். அதன் எல்லா நுட்பங்களும் இன்னும் முழுமையாக அவிழ்க்கப்படவில்லை.

கணுக்கால் வழியாகப் பையை அமைதிப்படுத்தலாம் என்பதை அமெரிக்காவில் மெக்குவயர் என்ற மருத்துவர் 1983-இல் எழுதினார். பிறகு அங்கேயே ஸ்டோலர் என்ற மருத்துவர் மெல்லிய ஊசி வழியாக அந்த நரம்பைத் தூண்டும் முறையை வகுத்தார். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் 220 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு உண்மையான ஊசித் தூண்டலும், மற்றவர்களுக்குத் தூண்டுவதுபோல் பாவனையும் 12 வாரங்கள் கொடுக்கப்பட்டன. நன்றாக முன்னேறியதாகச் சொன்னவர்கள் முதல் பிரிவில் 54.5 சதவீதம், பாவனைப் பிரிவில் 20.9 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். உண்மையான சிகிச்சை பெற்றவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பெரிய பலன் இல்லை. வெறும் பாவனையிலேயே ஐவரில் ஒருவர் தேறியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது என்ற கதையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுவே காரணம். நாம் வீட்டில் செய்யப்போவது ஊசி இல்லாமல் தோலின் மேல் பட்டை ஒட்டிச் செய்யும் முறை. அதற்கு ஊசி முறைக்கு உள்ள அளவுக்குப் பெரிய ஆய்வுகள் இல்லை என்றாலும், செலவும் ஆபத்தும் மிகக் குறைவு என்பதால் முயன்று பார்க்கத் தகுந்தது.

யார் செய்யக் கூடாது?

நெஞ்சில் பேஸ்மேக்கரோ வேறு மின்கருவியோ பொருத்தியிருப்பவர்களும் கர்ப்பிணிகளும் இதைச் செய்யக் கூடாது. காலில் இரத்தக் கட்டி உறைந்திருப்பவர்களும், அந்த இடத்தில் புண்ணோ சிரங்கோ உள்ளவர்களும் விலகியே இருக்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்களும், இடுப்புப் பகுதியில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களும், கணுக்காலில் உலோகத் தகடு வைத்திருப்பவர்களும் மருத்துவர் சம்மதித்தால் மட்டுமே தொடங்கலாம். சர்க்கரை நோயாளிகள் தனியாக ஒன்று செய்ய வேண்டும்: கண்களை மூடிக்கொண்டு, வீட்டில் ஒருவரைப் பாதத்தைப் பஞ்சால் தொடச் சொல்லுங்கள். தொடுவது தெரியவில்லை என்றால், கருவி தோலைச் சுட்டாலும் தெரியாது. அந்தக் காலில் ஒட்ட வேண்டாம். யானைக்கால் வீக்கம் உள்ள காலில் மின்னோட்டம் நரம்பு வரை இறங்காது என்பதால் அங்கே முயல்வது வீண். அவர்களுக்கும், இரு கால்களும் மரத்துப்போனவர்களுக்கும், முதுகின் அடியில் திருவெலும்பின் இரு பக்கமும் பட்டை ஒட்டும் முறை உண்டு. அதையும், சிறுவர்களுக்கு இந்தச் சிகிச்சை எதையும், மருத்துவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

கருவி பேட்டரியில் இயங்குவதாக இருக்கட்டும். சார்ஜ் போடும் வகையாக இருந்தால், சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றிய பிறகே காலில் ஒட்ட வேண்டும். துடிப்பின் வேகத்தை ஹெர்ட்ஸிலும், துடிப்பின் அகலத்தை மைக்ரோ விநாடியிலும் நாமே எண் பார்த்து மாற்றக்கூடிய கருவியாக அது இருப்பது கட்டாயம். பிசியோதெரபி நிலையங்களில் மூட்டுவலிக்கு வைக்கும் சாதாரண இரட்டை இணைப்பு டென்ஸ் கருவி இதற்கு முற்றிலும் போதும். பட்டாம்பூச்சி வடிவப் பட்டையோடு பத்துப் பன்னிரண்டு விதமான மசாஜ் என்று படம் போட்டு விற்கப்படும் கருவிகளில் வேகத்தையும் அகலத்தையும் குறித்து அமைக்க முடியாது. விலை குறைவு என்பதற்காக அவற்றை வாங்கினால் அந்தப் பணம் வீண். சிறுநீர்க் கசிவுக்கென்றே தனி என்று சொல்லி நான்கு மடங்கு விலை கேட்கப்படும் கருவியும் கணுக்கால் தூண்டலுக்குத் தேவையில்லை. 5 செ.மீ. சதுரத்தில் தானே ஒட்டும் பட்டைகள் ஒரு ஜோடி வேண்டும்.

பட்டைகளை ஒட்டுவதும் நரம்பைக் கண்டுபிடிப்பதும்

ஏதாவது ஒரு கால் போதும். பெண்கள் அந்தக் காலின் கொலுசைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் பட்டை ஒட்ட வேண்டிய இடத்திலேயே அது உரசிக்கொண்டு கிடக்கும். மெட்டி மின்னோட்டத்தின் பாதைக்கு வெளியே இருப்பதால் அதைக் கழற்றத் தேவையில்லை. மாமியார் முகம் சுளிப்பாரே என்று இதற்காகவே தயங்குகிறவர்கள் இருப்பதால் சொல்கிறேன். காலைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் மிச்சமிருந்தால் பட்டை பிடிக்காது. ரோமம் அதிகமாக இருந்தால் கத்தரிக்கோலால் குறைக்கலாம். சவரம் செய்த கையோடு ஒட்டினால் எரியும். கடற்கரையை ஒட்டிய நம் பகுதியின் புழுக்கத்தில் ஒட்டும்போதே வியர்த்துவிடும் என்பதால், மின்விசிறிக்குக் கீழே சற்று நேரம் உட்கார்ந்து தோல் உலர்ந்த பிறகு தொடங்குவது நல்லது.

நாற்காலியில் உட்கார்ந்து காலை ஒரு முக்காலியின் மேல் நீட்டிக்கொள்ளுங்கள், அல்லது கட்டிலில் சாய்ந்து உட்காருங்கள். கணுக்காலின் உட்பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பு மேட்டைத் தொட்டுப் பாருங்கள். அதற்கும் குதிகாலின் பின்னால் இறங்கும் தடித்த தசைநாணுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. நரம்பு அதன் வழியாகத்தான் ஓடுகிறது. ஒரு பட்டையை அந்தப் பள்ளத்தில் ஒட்டுங்கள். அதிலிருந்து நேர் மேலே, காலின் உட்பக்கமாகவே, பிள்ளைகளின் ஸ்கேலை வைத்து 10 செ.மீ. அளந்து, முன்னெலும்பின் பின்விளிம்பை ஒட்டி இரண்டாவது பட்டையை ஒட்டுங்கள். பெரும்பாலான கருவிகளில் கறுப்பு வயர் எதிர்மின்முனை (நெகட்டிவ்). அது கீழ்ப் பட்டையில் இருக்க வேண்டும்.

இனிமேல் வருவதுதான் பலர் கவனிக்காமல் விடும் பகுதி. கருவியைத் தொடர் துடிப்பு நிலையில் வையுங்கள். பெரும்பாலான கருவிகளில் அது ஆங்கில எழுத்தான 'சி' அல்லது 'என்' என்று குறிக்கப்பட்டிருக்கும். துடிப்பின் அகலம் 200 மைக்ரோ விநாடி. வேகத்தை முதலில் 1 அல்லது 2 ஹெர்ட்ஸ் என்று மிகக் குறைவாக வைத்து, மின்னோட்டத்தின் அளவைச் சுழியிலிருந்து மெல்லக் கூட்டுங்கள். பார்வை பெருவிரலின் மேல் இருக்கட்டும். நரம்பைத் தொட்டுவிட்டால், ஒவ்வொரு துடிப்புக்கும் பெருவிரல் கீழ்நோக்கி மடங்கும், அல்லது விரல்கள் விசிறிபோல் விரியும், அல்லது உள்ளங்காலில் விறுவிறுப்பு ஓடும். இந்த மூன்றில் ஒன்றாவது தெரிய வேண்டும். பட்டைக்கு அடியில் தோல் மட்டும் சுருக்கென்று குத்தினாலோ, கெண்டைக்கால் மட்டும் துடித்தாலோ, நரம்பு அகப்படவில்லை என்று பொருள். அளவைச் சுழிக்குக் கொண்டுவந்து, கீழ்ப் பட்டையைச் சற்று முன்னே அல்லது பின்னே நகர்த்தி மீண்டும் பாருங்கள். இடம் கிடைத்ததும், பட்டையின் ஓரங்களைப் பேனாவால் தோலில் குறித்துக்கொண்டால் மறுநாள் தேட வேண்டியதில்லை. கடைக்காரர் காட்டிய இடத்தில் ஒட்டிவிட்டு, விரல் அசைகிறதா என்று ஒரு முறைகூடப் பார்க்காமல், கருவி வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. முதல் முறையை ஒரு பிசியோதெரபிஸ்டின் முன்னிலையில் செய்துகொண்டால் இந்தத் தடுமாற்றம் இருக்காது.

நரம்பு கிடைத்த பிறகு வேகத்தை 10 ஹெர்ட்ஸுக்கு உயர்த்துங்கள். மருத்துவர் சொன்னால் 20 வரை போகலாம். விரல் அசைவது நின்று, பாதத்தில் அழுத்தமான ஆனால் வலியில்லாத விறுவிறுப்பு மட்டும் இருக்கும்படி அளவைச் சற்றுக் குறைத்து வைத்து, 30 நிமிடங்கள் அப்படியே உட்காருங்கள். சில நிமிடங்களில் விறுவிறுப்பு மங்குவதுபோல் தோன்றும். நரம்பு பழகிக்கொள்வதால் நேர்வது அது. ஒரு படி கூட்டிக்கொள்ளலாம். வலித்தால்தான் பலன் என்ற எண்ணம் இங்கே தவறு. மாலையில் ஒரு சீரியல் ஓடும் அரை மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடாமல் தொடர்கிறார்கள். தூங்கும்போதும், வண்டி ஓட்டும்போதும், ஈரத் தரையில் நிற்கும்போதும் கருவி காலில் இருக்கக் கூடாது. முடித்ததும் அளவைச் சுழிக்குக் கொண்டுவந்து அணைத்த பிறகே பட்டையைப் பிய்க்க வேண்டும். தோல் சிறிது சிவந்திருப்பது சாதாரணம். மறுநாளும் சிவப்பு மாறாமல் அரிப்போ கொப்புளமோ இருந்தால் நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும்.

எத்தனை நாள், உடன் என்ன?

வாரத்துக்கு இரண்டு முறை என்று தொடங்கித் தினமும் என்பது வரை பல விதமாக இது செய்யப்படுகிறது. வீட்டில் செய்பவர்களுக்குத் தினமும் ஒரு முறை என்பதே வசதி. வாரத்துக்கு இரண்டு என்றால் இரண்டும் மறந்துபோகும். 12 வாரங்கள் முடியும்வரை தீர்ப்புச் சொல்லக் கூடாது. முதல் நான்கு வாரங்களில் ஒன்றுமே தெரியாமல் இருந்து, ஆறு, எட்டு வாரங்களில் இரவில் எழுவது ஒரு முறை குறைவதாக முன்னேற்றம் தொடங்கலாம். ஆறாவது வாரத்திலும் பன்னிரண்டாவது வாரத்திலும் அதே மூன்று நாள் குறிப்பை மீண்டும் எழுதி, பழையதோடு வைத்துப் பாருங்கள். நினைவை நம்பி ஒப்பிட்டால் நல்ல நாளில் எல்லாம் சரியானதுபோலவும், கெட்ட நாளில் எதுவுமே பயனில்லாததுபோலவும் தோன்றும்.

கருவி தனியாகச் செய்வதைவிடப் பையைப் பழக்கும் பயிற்சியோடு சேர்ந்து செய்வது அதிகம். அவசரம் வந்ததும் ஓடக் கூடாது. நின்ற இடத்தில் நின்று, அல்லது உட்கார்ந்து, ஆசனவாயையும் சிறுநீர்த் துவாரத்தையும் உள்ளிழுப்பதுபோல் ஐந்தாறு முறை விரைவாகச் சுருக்கி விடுங்கள். அலை தணியும், தணிந்த பிறகு நடந்து போங்கள். ஒரு தடவை சிறுநீர் கழிப்பதற்கும் அடுத்த தடவைக்கும் இடையிலான நேரத்தை வாரத்துக்குப் பதினைந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போய், மூன்று மணி நேரம் வரை கொண்டுவரலாம். 'எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வருகிறேன்' என்று வீட்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் போகும் பழக்கம் பையைச் சிறு அளவுக்கே பழக்கிவிடும் என்பதால், பயிற்சிக் காலத்தில் அதை விடுவது நல்லது. எண்ணூர் நெடுஞ்சாலையின் கண்டெய்னர் லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டவருக்கு இந்த அறிவுரை கொடுமையாகத் தோன்றும் என்பது தெரியும். ஆகவே பயணமில்லாத நாட்களில் தொடங்குங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும். நிரம்பிய மலக்குடல் பையை அழுத்தும்.

பலன் தெரிந்தால், 12 வாரங்களுக்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரத்துக்கு இரண்டு என்று குறைத்து, எந்த இடைவெளியில் அவசரம் தலைகாட்டவில்லையோ அந்த இடைவெளியில் தொடரலாம். முற்றிலும் நிறுத்தினால் பலருக்குக் கோளாறு திரும்பும். பட்டையை ஒவ்வொரு முறையும் அதன் பிளாஸ்டிக் தாளில் ஒட்டி, வெயில் படாத இடத்தில் வைத்தால் பல வாரங்கள் வரும். காய்ந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவலாம், ஓரம் தூக்கிக்கொண்டால் மாற்றிவிட வேண்டும். ஒருவர் பட்டையை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது.

சுருக்குத் தசை தளர்ந்தவர்களுக்கு

இருமினால் சொட்டுகிற முதல் வகையினருக்கு அடிப்படைச் சிகிச்சை இடுப்படித் தசைப் பயிற்சி. 1948-இல் அமெரிக்க மருத்துவர் கெகல் அதை எழுதினார். ஒரு தடவைக்கு எட்டுச் சுருக்கம், நாளுக்கு மூன்று தடவை, மூன்று மாதம் என்பது குறைந்தபட்ச அளவு. எந்தத் தசையைச் சுருக்குவது என்றே தெரியாதவர்களுக்கும், முயன்றும் சுருக்க முடியாதவர்களுக்கும்தான் மின்சாரம் இங்கே வருகிறது. பெண்களுக்குப் பிறப்புறுப்பிலும் ஆண்களுக்கு ஆசனவாயிலும் வைக்கும் சிறு மின்முனை வழியாக, 35 முதல் 50 ஹெர்ட்ஸ் வேகத்தில், சில விநாடி துடிப்பும் அதைவிட நீண்ட ஓய்வுமாகக் கொடுத்தால் தசை தானே சுருங்கும். நோயாளி அதோடு சேர்ந்து சுருக்கப் பழக வேண்டும். கணுக்காலுக்கு வைத்த 10 ஹெர்ட்ஸ் அமைப்பை இங்கே பயன்படுத்தக் கூடாது; அது பையை அமைதிப்படுத்துவதற்கானது, தசையை வலுப்படுத்தாது. தொற்று இருக்கும்போதும், பிரசவமான முதல் ஆறு வாரங்களிலும் இதைச் செய்யக் கூடாது. மின்முனை ஒவ்வொருவருக்கும் தனித்தனி. பயிற்சியைத் தானாகச் செய்ய வருகிறவர்களுக்கு இது தேவையே இல்லை என்பது என் கருத்து.

கணுக்கால் முறை பலிக்கவில்லை என்றால்

12 வாரங்கள் ஒழுங்காகச் செய்தும் குறிப்பில் மாற்றமில்லை என்றால் மருத்துவரிடம் திரும்பிப் போக வேண்டும். மாத்திரைகள் உண்டு. பழைய வகை மாத்திரைகள் வாயை உலர்த்தும், மலத்தை இறுக்கும், முதியவர்களின் நினைவையும் பாதிக்கலாம். மிராபெக்ரான் என்ற புதிய வகைக்கு இரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனையில் வாரம் ஒரு முறை ஊசி வழியாக அதே நரம்பைத் தூண்டலாம். உட்கணுவுக்கு மேல் 5 செ.மீ. தொலைவில் முடி போன்ற மெல்லிய ஊசியை இறக்கி, 20 ஹெர்ட்ஸில் 30 நிமிடங்கள், 12 வாரங்கள். பையின் சுவரில் போட்டாக்ஸ் ஊசி போடுவதும் ஒரு வழி. அதற்குப் பிறகு சிலருக்குச் சிறுநீர் தேங்கி, கொஞ்ச காலம் குழாய் போட்டு எடுக்க வேண்டியிருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் பிறகு வருவது, திருவெலும்பின் மூன்றாவது துளை வழியாக நரம்பின் அருகில் மெல்லிய கம்பியை வைத்து, இடுப்பின் தோலுக்கடியில் கருவியைப் பொருத்தும் சிகிச்சை. சான் பிரான்சிஸ்கோவில் டனாகோ, ஷ்மிட் ஆகிய மருத்துவர்கள் 1981-இல் முதன்முதலில் இதைப் பொருத்தினார்கள்; அமெரிக்க அரசின் ஒப்புதல் 1997-இல் கிடைத்தது. அடைப்பு எதுவும் இல்லாமலே சிறுநீர் வராமல் தேங்குகிற சிலருக்கும் இது உதவும் என்பது கணுக்கால் முறைக்கு இல்லாத சிறப்பு. நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன், கருவியை வெளியே வைத்து ஒன்று அல்லது இரண்டு வாரம் சோதித்து, தொந்தரவு பாதியாவது குறைந்தால் மட்டுமே உள்ளே வைப்பார்கள். அந்தச் சோதனைக் காலத்திலும் அளவுக் குவளையும் நோட்டும்தான் அளவுகோல். முதுகுத்தண்டு முற்றிலும் துண்டிக்கப்பட்டவர்களுக்கு, பையை வேண்டும்போது காலி செய்யும் வேறொரு கருவியை லண்டனில் பிரிண்ட்லி 1978-இல் பொருத்தத் தொடங்கினார். அது தனி அறுவைச் சிகிச்சை, தனி நோயாளிகளுக்கு.

உள்ளே பொருத்தும் கருவிக்குச் சம்மதிக்கும் முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: பேட்டரி எத்தனை ஆண்டு வரும், அதை மாற்றும் அறுவைக்கு என்ன செலவாகும், பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க இந்தக் கருவி இடம் கொடுக்குமா, கம்பி நகர்ந்துவிட்டால் சரிசெய்யும் மருத்துவர் சென்னையிலேயே இருக்கிறாரா.